கசிவின் ஊற்று

வன்னியில் நெற்செய்கை பண்ணும் நண்பர் ஒருவரின் நாற்சக்கர இயக்கப் பிக்கப்பின் முன் அச்சுக்கு அடியில் எண்ணெய் சொட்டத் தொடங்கியது. கராஜில் பார்த்தவர்கள், சீல் போய்விட்டது என்றார்கள். நண்பர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

செய்தி திரட்ட ஊரூராக அலைந்த காலத்தில் சாரதிமாரிடம் கற்றுக்கொண்டதையே அவருக்குச் சொன்னேன். எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். ஆதலால் அச்சை நன்றாகத் துடைத்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்டி, ஈரத்தின் மிக உயர்ந்த இடத்தைத் தேடவேண்டும்.

அவ்வாறு பார்த்தபோது சீல் உலர்ந்திருந்தது. டிபரன்சியலின் மேலுள்ள சிறு காற்றுத்துளையே நனைந்திருந்தது.

ஓட்டத்தில் டிபரன்சியல் சூடேற, உள்ளிருக்கும் காற்று விரியும். அதை வெளியேற்றவே அத்துளை. அதனூடாக எண்ணெய் வருமாயின், ஒன்றில் எண்ணெய் அளவுக்கு மிஞ்சியிருக்கும், அல்லது தண்ணீர் கலந்திருக்கும். வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, எண்ணெய் ஊற்றும் துவாரத்தின் மூடியைத் திறந்தால், எண்ணெய் அதன் கீழ்விளிம்போடு நிற்கவேண்டும். இங்கோ வெளியே வழிந்தது, நிறமும் பால்கோப்பி.

மாரியில் வெள்ளம் பாய்ந்த வீதியை நண்பர் கடந்திருக்கிறார். சூடான அச்சு சட்டெனக் குளிர, உள்ளே காற்றுச் சுருங்கி, அதே துளையால் நீரை உறிஞ்சிவிட்டது. சீலை மட்டும் மாற்றி அந்த எண்ணெயோடு ஓடியிருந்தால், பெயரிங்குகள் துருவேறி அச்சே அழிந்திருக்கும்; அறுவடைக் காலத்தில் அது ஒரு குடும்பத்தின் வருமானம்.

எண்ணெயை முற்றாக வடித்துப் புதிது ஊற்றினார்கள். காற்றுத்துளைக்கு ஒரு குழாய் மாட்டி, அதன் நுனியை எஞ்சினுக்கு மேலே உயர்த்திக் கட்டினார்கள். சொட்டு நின்றது.

செய்தியாளனுக்கும் இதுவே பாடம். சேதி சொட்டும் இடத்தில் நின்றுவிடாமல், மேலே தேடிச் செல்லவேண்டும்.