கரடிக்குக் காது எங்கே இருக்கிறது?

பாட்டிக்குக் கண்புரை ஆப்ரேசன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரம். கறுப்புக் கண்ணாடி, மூணு வேளை சொட்டு மருந்து, குனியக்கூடாது, அடுப்புக்கிட்ட போகக்கூடாது. புந்தோங் வீட்டு ஹாலில் சும்மா உட்கார்ந்திருக்கும் மனுஷிக்குப் பேச்சைத் தவிர வேற என்ன இருக்கு? மறுபடியும் கரடிக் கதையை ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் அந்தக் கதை வந்தாலே ஆளாளுக்கு எழுந்து போய்விடுவார்கள். நான் லீவில் இருந்தேன். மாட்டிக்கொண்டேன்.

1971. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பாட்டிக்குக் காட்டோரத்து நிரை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே மரம் சீவப் போனவர், பட்டுப்போன அடிமரத்தை ஏதோ பிறாண்டுவதைப் பார்த்தார். வெளிச்சம் பட்டதும் அது திரும்பியது. வாளியையும் கத்தியையும் போட்டுவிட்டு லயம் வரைக்கும் ஒரே ஓட்டம். அன்றைக்கு முக்கால்வாசி மரம் சீவவில்லை. கிராணி அரைப் பேர்தான் போட்டார்.

கதை இத்தோடு முடிவதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இந்த முறைதான் மிச்சத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். ஆபீஸ் வாசலில் பாட்டி அழுதிருக்கிறார். கிராணி அவரைப் பெரிய துரை பங்களாவுக்கு நடத்திப் போய், சுவரில் மாட்டியிருந்த பாடம் செய்த கரடித் தலையைக் காட்டி, "இந்த மாதிரியா இருந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். பாட்டி நன்றாகப் பார்த்துவிட்டு, "இல்லீங்க. இதுக்குக் காது தூக்கிக்கிட்டு நிக்குது. கண்ணு வேற முழிச்சிக்கிட்டு இருக்கு. நான் பாத்ததுக்குக் காது இருக்கிற எடமே தெரியல" என்றிருக்கிறார்.

"அப்ப நீ பாத்தது பன்னி."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முழுப் பேர் கிடைத்திருக்கும். உண்மையைச் சொன்னதால் அரை நாள் சம்பளமும் போய், 'பன்னிக்குப் பயந்தவ' என்ற பட்டமும் வந்து சேர்ந்தது.

எனக்கு அந்தத் தலைமேல்தான் சந்தேகம். நான் பிளாஸ்டிக் அச்சுத் தொழிற்சாலையில் இஞ்சினியர். சுருக்கம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. பாலிபுரோப்பிலீன் ஆறும்போது நூற்றுக்கு 1 முதல் 2.5 பங்கு வரை சுருங்கும், அதற்கேற்ப அச்சைப் பெரிதாக வெட்டுவோம். தோலுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. விலங்கைப் பாடம் செய்கிறவர்கள் வேலை செய்யும் வீடியோக்களை நாலைந்து இரவு உட்கார்ந்து பார்த்தேன். கரடியின் காதை உறை மாதிரி உள்வெளியாகத் திருப்பி, குருத்தெலும்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் தகடோ, கார் டிங்கரிங் பட்டறையில் பூசும் புட்டியோ வைக்கிறார்கள். காதடித் தசைக்குப் பதில் களிமண். களிமண் கொஞ்சம் கூடினால் காது மேலே ஏறிவிடும். பிறகு அட்டை வைத்து ஊசி குத்தி, காயும்வரை தினமும் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் காது அப்பளம் மாதிரி சுருண்டுகொள்ளும்.

கண் இன்னும் மோசம். கண்ணாடி விழியைக் களிமண்ணில் பதித்து, இமைத் தோலை அதன் ஓரமாக உள்ளே செருகவேண்டும். காயும்போது இமை பின்னால் இழுக்கும். ஒரு மில்லிமீட்டர் இழுத்தாலே போதும், தூங்குமூஞ்சிக் கரடி பேயைக் கண்ட கரடி ஆகிவிடும்.

இதெல்லாம் கைப்பிசகு. வேட்டைக்காரர் கேட்கும் முகம் என்று இன்னொன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தத் தொழிலில் பெரிய பேர் மைசூரின் வான் இங்கன் குடும்பம். 1900 வாக்கில் தொடங்கி 1999 வரை நடந்த பட்டறை. மகாராஜாக்களும் வெள்ளைக்காரத் துரைகளும் சுட்டதெல்லாம் அங்கே போகும். காகிதக்கூழ் அச்சின்மேல் தோலைப் போர்த்துவார்கள். வாயைப் பிளந்து பல்லைக் காட்டும் புலியும் சிறுத்தையும் அவர்கள் முத்திரை. நிஜமாகவே வேலை தெரிந்தவர்கள்தான், குறை சொல்ல நான் யார்? ஆனால் உறுமுகிற மிருகம் காதைப் பின்னால் படுக்கவைக்கும். வாயில் கோபத்தையும் காதில் 'யார் அங்கே' என்ற விசாரிப்பையும் சேர்த்து ஒட்டிய தலைகள் உலகமெங்கும் சுவரில் தொங்குகின்றன. அவற்றைச் செய்தவர்களில் பலர் அந்த விலங்கை உயிரோடு பார்த்ததே இல்லை. கையில் வந்தது உப்புப் போட்ட தோல் மட்டும்.

போதாக்குறைக்கு நம் ஊர்க் கரடி வேறு ஜாதி. எட்டு வகைக் கரடிகளில் சூரியக் கரடிதான் சின்னது. தேன் கரடி என்றும் சொல்வோம், மலாயில் பெருவாங் மாடு. இந்தியக் கரடிக்குக் காது பெரிசு, சடைமுடி வேறு. நம்முடையதற்குக் கட்டை மயிர், சின்ன வட்டக் காது, அதுவும் தலையின் பக்கவாட்டில் தாழ்வாக.

அக்கா மகளின் பிளாஸ்டிசினை உருட்டி ஒரு மண்டை செய்து பாட்டி மடியில் வைத்தேன். "காதை நீங்களே வையுங்க பாட்டி." கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் விரலால் தடவிப் பார்த்தார். நான் உருட்டி வைத்திருந்த காதைப் பாதியாகக் கிள்ளிப் போட்டார். மிச்சத்தை நான் நினைத்த இடத்துக்கு ரொம்பக் கீழே, கன்னத்துக்குப் பக்கத்திலேயே அமுக்கினார். கண்ணுக்கு ரெண்டு கடுகு கேட்டார். மிளகு கொடுத்தேன். "இது பெருசு புள்ள" என்று திருப்பிக் கொடுத்தார்.

டாக்டர் சரி என்ற பிறகு, ஒரு சனிக்கிழமை தைப்பிங் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போனேன். 1961இல் திறந்த இடம், ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரம். பாட்டி புலியிடம் நிற்கவில்லை. யானையிடமும் நிற்கவில்லை. கரடிக் கூண்டின் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒன்று மரக்கட்டையை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருந்தது. திரும்பியபோது வெளுத்த மூக்கு, இரண்டு பொட்டுக் கண், தலையோடு ஒட்டிய காது. நான் பிளாஸ்டிசின் மண்டையின் படத்தைப் போனில் எடுத்துப் பார்த்தேன். பாட்டி வைத்த காது ஒரு விரல்கடை கூட விலகவில்லை.

பாட்டி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "படம் எடு" என்றார்.

"எடுத்தாச்சு பாட்டி. யாருக்கு அனுப்பணும்?"

"கிராணி செத்துட்டாரு. அவரு மவன் நம்ம புந்தோங்லதான் இருக்கான். போறப்ப வண்டிய அவன் வீட்டாண்ட நிறுத்து."