காதலுக்கு ஸ்டாப்வாட்ச்

பழுத்த வாழைப்பழத்தை ரெண்டு நாள் மேஜையிலேயே விட்டுப் பாருங்கள். எள்ளு சைஸில், சிவப்புக் கண்ணோடு குட்டி ஈக்கள் வந்து மொய்க்கும். நீங்கள் கையை வீசி விரட்டுகிற இந்தப் பழ ஈயின் காதலைத்தான் லேபில் உட்கார்ந்து அளக்கிறார்கள். நிஜமாக.

சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வட்ட அறை. உள்ளே ஓர் ஆண், ஒரு பெண். பத்து நிமிஷம் டயம். பையன் அவள் பின்னாலேயே போவான். முன்னங்காலால் லேசாகத் தட்டுவான். அப்புறம் ஒற்றை இறக்கையை மட்டும் விரித்து அதிரவைப்பான். அதுதான் பாட்டு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 35 மில்லிசெகண்ட்.

இப்படிச் சுற்றிய நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் 'கோர்ட்ஷிப் இண்டெக்ஸ்'. பத்தில் எட்டு நிமிஷம் என்றால் 80 சதவீதம். பி.காம். படித்தவனுக்கு இந்த மாதிரி விகிதம் என்றால் உடனே பிடித்துவிடும். பிடித்தது. ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், கணக்கில் அவளைக் காணோம்! சில சோதனைகளில் பெண்ணின் தலையைத் துண்டித்துவிட்டே உள்ளே வைக்கிறார்கள். தலையில்லாமலும் பழ ஈ சில மணி நேரம் நிற்கும். ஓடாது என்பதால் கணக்கு சுத்தமாக வருமாம். அவன் அவளுக்கும் பாடுகிறான். நம்மூர் சினிமா ஹீரோக்கள் சிலர் ஞாபகத்துக்கு வந்தார்கள். பேர் வேண்டாம்.

அவளுடைய 'முடியாது'வுக்கு இந்த எண்ணில் என்ன வேலை என்பதை 1979-ல் காட்டியவர்கள் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்து சீகலும் ஜெஃப்ரி ஹாலும். ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் ஈ லேசில் மசிய மாட்டாள். அவளோடு ஒரு மணி நேரம் இருந்து மூக்குடைபட்டவனை அடுத்து கன்னி ஈயிடம் விட்டால், அங்கேயும் அவனுடைய இண்டெக்ஸ் சரிகிறது. மனசில் பட்டிருக்கிறது. 'அம்னீசியாக்' என்ற மரபணுக் கோளாறு உள்ள ஈக்களோ சீக்கிரமே மறந்துவிட்டு மறுபடி பாடக் கிளம்பிவிடுகின்றன. (ஹாலுக்கு 2017-ல் நோபல் கிடைத்தது. காதலுக்கு இல்லை, இதே ஈயின் உடம்புக் கடிகாரத்துக்கு.)

2012-ல் சான்ஃப்ரான்சிஸ்கோவில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். நாளுக்கு மூன்று முறை, நாலு நாள் நிராகரிக்கப்பட்ட ஆண்களுக்குச் சாதா உணவும், ஆல்கஹால் கலந்ததும் வைத்தார்கள். இணைசேர்ந்தவர்களைவிட இவர்கள் சரக்குப் பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். மூளையில் 'நியூரோபெப்டைட் எஃப்' என்ற ரசாயனம் குறைந்திருந்தது. அதைச் சுரக்கும் நரம்புகளைத் தூண்டியதும் அந்த நாட்டம் குறைந்தது.

அவள் சம்மதத்தையும் அளக்க முடியும். இப்போது ஸ்டாப்வாட்ச் வேலையைப் பெரும்பாலும் காமிராவும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொள்கின்றன. அவள் நடக்கும் வேகத்தைக் குறித்துக்கொண்டே வருவார்கள். பாட்டு பிடித்துப்போனால், நடை மெதுவாகிறது.