முடிவதற்கென்றே தொடங்கும் பணி

நம் ஊர்ப்பக்கங்களில் வேலை என்ற சொல் தனித்து வருவதில்லை. அதன் பின்னாலேயே 'நிரந்தரமா?' என்ற கேள்வியும் வந்துவிடும். பெண் கேட்டு வருபவர்களும், கடன் கொடுக்கும் வங்கி மேலாளரும், ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நலம் விசாரிக்கும் உறவினரும் கேட்பது அதைத்தான். சம்பளம் எவ்வளவு என்பதைக்கூட அடுத்தபடியாகத்தான் கேட்பார்கள். இதில் குறை காண ஒன்றுமில்லை. பஞ்சமும் கந்துவட்டியும் கண்ட தலைமுறைகளின் வழிவந்தவர்கள் நாம். மாதம் பிறந்தால் சம்பளம், வயது முதிர்ந்தால் ஓய்வூதியம் என்ற உறுதியை நம் பெற்றோர் பெருஞ்செல்வமாக மதித்ததில் வியப்பில்லை.

எங்கள் மகள் 2023-ஆம் ஆண்டில் கென்யா நாட்டில் பணிபுரியப் போவதாகச் சொன்னபோது நாங்களும் அக்கேள்வியைத்தான் கேட்டோம். "இரண்டு ஆண்டு ஒப்பந்தம், அப்பா. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும்" என்றாள். கையில் இருந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு, முடியப்போகும் வேலை ஒன்றைத் தேடி, கடல் கடந்து போக வேண்டுமா என்று பல இரவுகள் உறக்கமின்றிப் பேசிக்கொண்டிருந்தோம். திருமண வயதுப் பெண் என்ற கவலை வேறு.

எங்களில் ஒருவர் தொடக்கப்பள்ளி ஆசிரியையாகவும், மற்றவர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகவும் இருந்து ஓய்வு பெற்றவர்கள். திருத்தணியிலேயே வாழ்நாள் கழிந்தது. ஆந்திரத்தோடு இருந்து, எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்த ஊர் இது. கடைத்தெருவில் பாதிப் பேச்சு தமிழிலும் பாதிப் பேச்சு தெலுங்கிலும் நடக்கும். மலைக்கோவிலுக்குக் காவடி எடுத்து வருவோரிடம் எந்த மொழியில் பேச வேண்டும் என்பதைப் பூக்கடைக்காரர் முகம் பார்த்தே அறிந்துகொள்வார். எல்லையில் வாழ்பவர்களுக்கு அடுத்தவர் மொழியைக் கற்பது பெருமையோ சுமையோ அன்று, அன்றாடத் தேவை. இந்தப் பழக்கம் எங்கள் மகளுக்கு வெகுதூரத்தில் கைகொடுக்கும் என்று அப்போது நாங்கள் எண்ணவில்லை.

ஆப்பிரிக்காவைப் பற்றி எங்களுக்குத் தெரிந்திருந்தது சிறிதே. சிங்கங்கள் உலவும் புல்வெளி, பஞ்சத்தில் வாடிய குழந்தைகளின் படங்கள் - இவ்விரண்டும்தான் மனத்தில் இருந்தன. 54 நாடுகள் கொண்ட ஒரு கண்டத்தை ஒரே ஊரைப் போல எண்ணிப் பேசுவது நம் வழக்கமாகிவிட்டது. ஆனால் நெசவுத் தொழிலோடு தொடர்புடையவர்கள் வேறொரு ஆப்பிரிக்காவையும் அறிவார்கள். 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்று ஏற்றுமதியாளர்கள் அழைத்த கட்டம் போட்ட கைத்தறித் துணி, தென்னிந்தியத் தறிகளிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு நெடுங்காலம் கப்பலேறியது. நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் களபாரி மக்கள் அதனை 'இஞ்சிரி' என்று அழைத்து, குழந்தை பிறந்த வீட்டிலும் இறப்பு நிகழ்ந்த வீட்டிலும் சிறப்பாக அணிந்தார்கள். அதோடு நிற்கவில்லை. அவர்களுடைய பெண்கள் கூரிய கத்திமுனையால் அத்துணியின் நூல்களில் சிலவற்றை வெட்டி உருவி எடுத்து, நம் நெசவாளர் நினைத்தும் பாராத புதிய கோலங்களை அதில் உருவாக்கினார்கள். அவ்வாறு மாறிய துணிக்குப் 'பெலெத்தே பிட்டே' என்று அவர்கள் மொழியில் பெயர். நாம் அனுப்பியது கட்டம். அவர்கள் உடுத்தியது தங்கள் கைவேலை.

தொண்டு நிறுவனப் பணி என்றவுடன் அரிசிப் பையும் போர்வையும் வழங்குவதே நம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது பல தொழில்கள் கூடிய ஒரு துறை. கிணறு தோண்டும் பொறியாளர், கணக்கர், செவிலியர், வேளாண் பட்டதாரி, பொருள்களைக் கிடங்கிலிருந்து ஊருக்குக் கொண்டுசேர்ப்பவர், செய்த வேலை பயன் தந்ததா என்று அளந்து சொல்பவர் என அனைவரும் அங்கே தேவைப்படுகிறார்கள். கலைத்திறன் உடையோருக்கும் இடமுண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படங்களால் பாடம் அமைப்பது, சமுதாய வானொலிக்கு நிகழ்ச்சி தயாரிப்பது, ஆவணப்படம் எடுப்பது, தெருநாடகம் எழுதுவது, நிதி கேட்கும் விண்ணப்பத்தைத் தெளிவான நடையில் வரைவது ஆகியவை அங்கே முறையான வேலைகள். 1970-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை உருவாக்கிய தன்னார்வலர் அமைப்பு இத்தகையோரைச் சேர்த்துக்கொள்கிறது; அது தருவது ஊதியமன்று, வாழ்க்கைப்படி. நம் திரு அவையின் கரித்தாஸ் அமைப்புகளும், 1980-இல் அருட்தந்தை பேத்ரோ அருப்பே தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணியும் ஆப்பிரிக்காவில் பரவலாக உழைத்து வருகின்றன. கிழக்கே சுவாகிலி, மேற்கே பல நாடுகளில் பிரெஞ்சு, மொசாம்பிக்கிலும் அங்கோலாவிலும் போர்த்துக்கீசியம் என்று மொழி அறிந்தவருக்கு வழி எளிதாகத் திறக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2023-இல் தான்சானியாவின் சான்சிபார் தீவில் ஒரு வளாகம் திறந்ததையும் இங்கு நினைக்கலாம். இந்தியாவுக்கு வெளியே அமைந்த முதல் ஐ.ஐ.டி. வளாகம் அதுவே.

எங்கள் மகள் காட்சித் தொடர்பியல் படித்தவள். மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரையில் உள்ள கிசுமு நகரை அடுத்த சிற்றூர்களில், மகளிர் சேமிப்புக் குழுக்களுக்குப் படக் கணக்கேடு தயாரிப்பதும், அவர்களே வானொலி நிகழ்ச்சி பதிவு செய்யப் பழக்குவதும் அவளுக்குத் தரப்பட்ட வேலை. இதற்கான தகுதியை அவள் கல்லூரியில் மட்டும் பெறவில்லை. அவள் தாயார் எங்கள் தெரு மகளிர் குழுவின் கணக்கை எழுதியவர். வாரந்தோறும் திண்ணையில் கூடும் பெண்களின் நடுவே அமர்ந்து, யார் எவ்வளவு சேமித்தார், யாருக்குக் கடன் நிலுவை என்று சிறுமியாக இருந்தபோதே உரக்கப் படித்துக் காட்டியவள் அவள்.

நம் தமிழ்நாட்டின் இந்த அனுபவத்துக்கு ஆப்பிரிக்காவில் மதிப்புண்டு. 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரி மாவட்டத்தில் அரசு தொடங்கிய மகளிர் குழுக்கள் பின்னர் மாநிலம் முழுவதும் பரவின. எங்களுக்கு அண்டையிலுள்ள காஞ்சிபுரத்தில், பட்டுத்தறிகளிலிருந்து சிறார்களை மீட்டுப் பள்ளிக்கு அனுப்பும் நோக்கத்தோடு 2002-இல் பணி தொடங்கிய 'ஹேண்ட் இன் ஹேண்ட்' அமைப்பு, தாய்மாருக்கு வருவாய் இல்லாமல் பிள்ளைகள் பள்ளியில் நிலைக்கமாட்டார்கள் என்பதை உணர்ந்து மகளிர் குழுக்களைக் கட்டியெழுப்பியது. அதே வழிமுறையைக் கென்யா, தென்னாப்பிரிக்கா, சிம்பாப்வே ஆகிய நாடுகளிலும் அதன் தோழமை அமைப்புகள் பின்பற்றின.

கற்பிக்கச் சென்ற மகள் முதலில் கற்க வேண்டியிருந்தது. கென்யப் பெண்கள் 'சாமா' என்ற பெயரில் தங்களுக்குள் சேமிப்புக் கூட்டங்களை முன்பே நடத்தி வந்தார்கள். அன்றி, 1991-இல் நைஜரில் 'கேர்' நிறுவனம் வகுத்த ஊர்ச் சேமிப்புக் குழு முறையும் அங்கே வேரூன்றியிருந்தது. அதன்படி பணம் ஓர் இரும்புப் பெட்டியில் இருக்கும். பெட்டிக்கு மூன்று பூட்டுகள். சாவிகள் மூன்று பெண்களிடம். மூவரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது. எங்கள் மகள் சேமிப்புக்கு அடையாளமாக உண்டியல் ஒன்றை வரைந்து காட்டியபோது அப்பெண்கள் சிரித்து, பெட்டியையும் மூன்று சாவிகளையும் வரையச் சொன்னார்களாம். அதைத் தொலைபேசியில் அவள் சொன்னபோது, "நம் தெருக் குழுவுக்கும் அப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் எத்தனை சண்டை குறைந்திருக்கும்!" என்றார் அவள் தாயார். வானொலியில் லுவோ மொழியில் பேசியவர்கள் அவ்வூர்ப் பெண்களே. ஒலிப்பதிவுக் கருவியை இயக்கவும் வெட்டி ஒட்டவும் கற்றுக்கொடுத்ததே இவள் பங்கு. கடைக்கு 'துக்கா', வண்டிக்கு 'காரி', தேநீருக்குச் 'சாய்' என்ற சுவாகிலிச் சொற்களைக் கேட்டு, திருத்தணிச் சந்தையில் நிற்பதுபோல் இருக்கிறது என்று எழுதினாள்.

பிறகு 2025-ஆம் ஆண்டு வந்தது. சனவரி 20 அன்று அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தது. 1961 முதல் இயங்கிய யு.எஸ்.எய்ட் நிறுவனத்தின் திட்டங்களில் 83 விழுக்காடு நீக்கப்படுவதாக மார்ச்சில் அறிவிக்கப்பட்டது; சூலை 1 அன்று அந்நிறுவனத்தின் தனிச் செயல்பாடே முடிவுக்கு வந்தது. ஆப்பிரிக்காவெங்கும் மருந்தகங்களும் ஊட்டச்சத்து மையங்களும் தடுமாறின. ஊர்ப் பணியாளர்கள் பெருந்தொகையாக வேலை இழந்தனர். எங்கள் மகளின் திட்டத்துக்கு நிதி அளித்தது வேறொரு நாட்டின் அமைப்பு. அதுவும் அவ்வாண்டில் கையைச் சுருக்கிக்கொண்டது. ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருக்கும்போதே அவள் வீடு திரும்பினாள். 'அன்றே சொன்னோமே' என்ற பார்வையோடு உறவினர் சிலர் வந்து போனார்கள்.

அவளை வருத்தியது தன் வேலை போனதன்று. திரும்பி வர அவளுக்கு ஒரு வீடு இருந்தது. உடன் உழைத்த கென்யப் பெண்களுக்கோ அந்த வேலையே வீட்டின் அடுப்பு. ஒரே வேலைக்கு வெளிநாட்டவருக்குக் கூடுதலாகவும் உள்ளூராருக்குக் குறைவாகவும் ஊதியம் தரும் வழக்கம் இத்துறையில் பல இடங்களில் உண்டு. அதைப் பற்றி அவள் பேசிய நாள்களில் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. நீதியில்லாத இடத்தில் இரக்கம் மட்டும் போதுமா என்பது நாமும் நம் வீட்டு வேலையாள்களை வைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ஆறு மாதம் கழித்து அஞ்சலில் ஒரு பொதி வந்தது. கிசுமுப் பெண்களின் படக் கணக்கேட்டின் புதிய பதிப்பு அது. அவளோடு பணியாற்றிய அவ்வூர்ப் பெண்ணொருத்தி குழுக்களிடமே சிறு தொகை திரட்டி அதை அச்சிட்டிருந்தாள். படங்களில் பாதி மாறியிருந்தன. எங்கள் மகளின் பெயர் எங்கும் இல்லை. நாங்கள் சற்றே மனம் சுருங்கினோம். அவளோ ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "இனி அவர்களுக்கு நான் தேவையில்லை, அம்மா" என்று முகம் மலரச் சொன்னாள்.

அன்றுதான் இந்தப் பணியின் இலக்கணம் எங்களுக்கு விளங்கியது. வெளியிலிருந்து செல்பவரின் வேலை நீண்டுகொண்டே போவது இத்துறையில் வெற்றியாகாது. அவர் இல்லாமலே அது நடக்கத் தொடங்குவதே வெற்றி. பெரியோர் பலர் இதை முன்பே செய்து காட்டியுள்ளனர். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தும் வழியைக் கண்டதோடு, அதைப் பிறருக்கும் பயிற்றுவித்தார். 1965-இல் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க மருத்துவப் பணியாளருக்கெனத் தொழுநோய்ப் பயிற்சி மையம் உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. இராசத்தானின் திலோனியா ஊரில் 1972-இல் தொடங்கிய 'பேர்ஃபுட்' கல்லூரி, பல ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பள்ளி சென்றறியாத பாட்டிமாரை வரவழைத்து, பொதுமொழி இல்லாமல் நிறங்களாலும் சைகைகளாலும் ஆறு மாதத்தில் சூரிய விளக்கு அமைக்கக் கற்றுத் தந்தது. ஊர் திரும்பி விளக்கேற்றியவர்கள் அப்பாட்டிமாரே. 1964 செப்டம்பர் 15 அன்று இந்திய அரசு தொடங்கிய தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டமும் பயிற்சியையே அடிப்படையாகக் கொண்டது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் எங்கள் திருத்தணி மண்ணின் மைந்தர் டாக்டர் இராதாகிருட்டிணன்.

இத்துறையை நாடும் இளைஞருக்குச் சில சொற்கள். வேலைக்காக முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். நேர்மையான தொண்டு நிறுவனம் எதுவும் பணியாளரிடம் பணம் பெறுவதில்லை. முகவர் வழியே செல்வதானால் அவர் வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' பதிவு பெற்றவரா என்று பாருங்கள். கென்யா போன்ற நாடுகளுக்குச் செல்வோர் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சென்னை கிண்டியில் உள்ள கிங் ஆய்வு நிலையத்தில் அதைப் பெறலாம். ஓய்வூதியம் கிடையாது, ஆகவே வாங்கும் தொகையில் ஒரு பகுதியைத் தொடாமல் சேமியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வேலையைச் செய்ய அவ்வூரிலேயே ஆள் இருக்கிறாரா, இல்லையெனில் நான் திரும்புவதற்குள் ஒருவரை உருவாக்க முடியுமா என்று நேர்முகத் தேர்விலேயே கேளுங்கள். தயங்காமல் பதில் தரும் நிறுவனத்தில் சேருங்கள்.

பெற்றோரே, நம் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய அச்சம் நம்மை விட்டு எளிதில் நீங்காது. எங்களையும் விட்டு நீங்கவில்லை. தான்சானியாவில் பதினெட்டு மாத ஒப்பந்தம் ஒன்றுக்கு எங்கள் மகள் இப்போது மீண்டும் விண்ணப்பித்திருக்கிறாள். வரன் பார்ப்பவர்களிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சிலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். ஆயினும் அவள் புறப்படும்போது நாங்கள் கேட்கப்போவது ஒன்றே: "உனக்குப் பின் அங்கே அதைச் செய்யப்போவது யார்?" அதற்கு அவளிடம் விடை இருக்குமானால், மனநிறைவோடு நெற்றியில் சிலுவை வரைந்து அவளை வழியனுப்புவோம்.