வைட்ஃபீல்ட்: வட்டமும் கோதாவும்

வைட்ஃபீல்டின் பழைய அடையாளம் இன்னர் சர்க்கிள். 1882-ல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் ஆங்கிலோ-இந்தியர்களுக்கு வழங்கிய நிலத்தில் உருவான குடியிருப்பு இது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தச் சமூகத்தினர் பலர் நாட்டைவிட்டே கப்பலேறினார்கள்.

பிரிட்டனுக்குப் போனவர்களை அங்கே வரவேற்றது ஐடிவியின் சனிக்கிழமை மல்யுத்தம். மாலை நான்கு மணிக்கு மிக் மக்மானஸ், முகமூடியணிந்த கெண்டோ நாகசாகி, தொப்பையாலேயே எதிராளியைச் சாய்க்கும் பிக் டாடி. 1988-ல் அந்த ஒளிபரப்பு நின்றது.

இந்தியாவில் தங்கியவர்களுக்கோ தாரா சிங். மலைபோன்ற கிங் காங்குடன் மோதியவர். 1968-ல் மும்பையில் அமெரிக்கர் லூ தெஸ்ஸை வென்றவர்.

எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த நாடகம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் நிஜமான மோதல் எப்படியிருக்கும்? 1910-ல் லண்டனில் காமாவின் பிடிக்கு அஞ்சிய போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ, இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகத் தரையோடு தரையாக ஒட்டிக்கிடந்தார். முடிவு தெரியவில்லை. மறுமோதலுக்கு அவர் வரவேயில்லை. காசு கொடுத்த ரசிகனுக்கு எது மேல்?

பிரிட்டிஷ் மல்லர்களின் ஆட்டங்கள் ஒளிநாடாவில் எஞ்சியிருக்கின்றன. பெங்களூருக்குத் தூர்தர்ஷன் நிலையம் வந்ததோ 1981-ல்தான். 1983-ல் தாரா சிங் ஓய்வு பெற்றுவிட்டார். 2012-ல் காலமும் ஆனார். 2023-ல் மெட்ரோ ரயில் எட்டிய வைட்ஃபீல்டில், அவருடைய உச்சகாலக் குஸ்தி பெரியவர்களின் பேச்சில்தான் உயிரோடிருக்கிறது. கேட்டுவைத்துக்கொள்ள இதுவே நேரம்.