ஒரு கூடைக் கொழுந்து, 2000 கோப்பைத் தேநீர்



விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் இலங்கையின் மலைநாட்டுக்குப் போகிறீர்களா? நுவரெலியாவின் குளிரையும் கிரகரி ஏரியையும் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். தினமும் நம் வீட்டில் கொதிக்கும் தேயிலை எப்படி உருவாகிறது என்பதைப் பிள்ளைகள் நேரில் கற்றுக்கொள்ள அங்கே நல்ல வாய்ப்பு உண்டு.

கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாக மாறியது. அங்கே தங்குவோர் தாமே கொழுந்து பறித்துப் பழகலாம். அவ்வளவு செலவு கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு, கண்டி சாலையில் லபுக்கலையும் நுவரெலியாவை அடுத்த பீட்ருவும் இருக்கின்றன. அங்குள்ள தொழிற்சாலைகளைச் சுற்றிக் காட்டி விளக்குவார்கள்.

முதல் பாடம் பறிப்பது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்ததே நல்ல கொழுந்து. முற்றிய இலை கலந்தால் தரம் கெடும். பறித்த கொழுந்தைப் பரப்பி, காற்றுச் செலுத்தி வாட வைப்பார்கள். பின் இயந்திரத்தில் உருட்டிக் கசக்குவார்கள். சாறு காற்றில் பட்டு, பச்சை இலை செம்பு நிறமாகும். அதை வெப்பக் காற்றில் உலர்த்திச் சலித்தால் தேயிலை. இலையில் பெரும்பகுதி தண்ணீர்தான். எனவே ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும்.

இனிக் கணக்கைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். ஒரு நாளில் 18 கிலோ கொழுந்து பறிக்கும் பெண் 4 கிலோ தேயிலைக்கு வழி செய்கிறாள். கோப்பைக்கு 2 கிராம் என்றால் அது 2000 கோப்பை! தோட்டம் குறித்த அளவுக்கு எடை குறைந்தால் அன்று அவளுக்கு முழுப் 'பேர்' விழாது. அந்த நாள் சம்பளம் 1000 ரூபாயானதே 2021இல்தான். 2024இல் 1350 ஆயிற்று.

இந்தப் பெண்கள் நமக்கு அந்நியர்களா? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்கு 2003இல்தான் சட்டம் வழி திறந்தது. தொழிற்சாலைக் கண்ணாடிக்கு அப்பால் தெரியும் லயங்களில் வாழ்வது அவர்களின் பேரப்பிள்ளைகளே.

ஆகவே கொழுந்து பறிக்கும் சகோதரியைக் கண்டால், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். முதலில் தமிழில் நலம் விசாரியுங்கள். உங்கள் பிள்ளையும் ஒரு கைப்பிடி பறித்துப் பார்க்கட்டும். எத்தனை முறை குனிந்தால் ஒரு கூடை நிறையும் என்று அதற்கே புரிந்துவிடும்.

ஊர் திரும்பியதும் பிள்ளையே தேநீர் போடட்டும். கோப்பைக்கு ஒரு தேக்கரண்டித் தேயிலை. அப்போதுதான் கொதித்த தண்ணீர். மூடி வைக்க 3 முதல் 5 நிமிடம். பாலும் சீனியும் பிறகு. அன்று அது கோப்பையில் பாதியை மிச்சம் வைத்துக் கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டாவிட்டால் பயணச் செலவு வீண்போகவில்லை.