சாய்த்தால் கிளம்பும் ஸ்கூட்டர்

ஒரு தலைமுறை இந்தியர்களுக்கு மறக்க முடியாத காட்சி இது. காலையில் கிளம்ப மறுக்கும் பஜாஜ் சேத்தக்கை ஒருபக்கமாகச் சாய்த்து, சில விநாடி பிடித்து, நிமிர்த்தி உதைப்பார்கள். கிளம்பிவிடும். புனேயில் அந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் இந்த வித்தையை அப்பாவிடம் கற்றார். காரணத்தைத் தேடியது அறுபது வயதுக்குப் பிறகுதான்.

வீட்டில் இரண்டு ஸ்கூட்டர்கள். ஒன்று, பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அப்பா வாங்கிய சேத்தக். மற்றது மனைவியின் கைனடிக் ஹோண்டா. ஓராண்டாக இரண்டும் ஓடவில்லை. “எடைக்குப் போட்டுவிடலாம் பாபா” என்றான் மகன். அவர் பதில் சொல்லாமல் ஸ்பானரை எடுத்தார்.

கைனடிக்கின் கார்புரேட்டரில் பெட்ரோல் கிண்ணம் அடியில் தொங்குகிறது. அதன் கீழே ஒரு வடிகால் திருகு. தளர்த்தியதும் பழைய பெட்ரோல் வடிந்துவிட்டது. இத்தாலிய வெஸ்பாவின் வழிவந்த சேத்தக்கில் கதை வேறு. கிண்ணம் கார்புரேட்டர் உடலோடு ஒன்றாக வார்க்கப்பட்டது. மேலே மூடி, மிதவையும் ஊசியும் அதில் தொங்குகின்றன. அடியில் வடிகால் கிடையாது.

கைனடிக்கில் ஆயிலுக்குத் தனி டாங்க். சேத்தக்கிலோ பெட்ரோலோடு ஆயிலையும் கலந்தே ஊற்ற வேண்டும். பெட்ரோல் ஆவியாகிப் போக, ஆயில் பிசுக்காகத் தங்குகிறது. ஊசி ஒட்டிக்கொள்கிறது. வண்டியைச் சாய்த்தால் மிதவை அசைந்து, ஊசி விடுபட்டு, பெட்ரோல் இறங்குகிறது. அப்பாவின் வித்தை அவ்வளவுதான்.

2023-ல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கிய பிறகு சிக்கல் கூடிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பிரியும் நீர், கனம் அதிகம் என்பதால் கிண்ணத்தின் அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும். சேத்தக் கிண்ணத்தில் படிந்திருந்த வெள்ளைப் பொடியை அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

அப்பா இருந்தவரை அந்தப் பொடி படிந்ததில்லை. ஃபாக்டரி, ரேஷன் கடை, பிள்ளைகளின் பள்ளி என்று வண்டி ஓயாமல் ஓடியது. தினமும் காலியாகி நிரம்பும் கிண்ணத்துக்கு வடிகால் எதற்கு?

கழுவித் துடைத்து, புது கேஸ்கட் போட்டுப் பூட்டினார். மூன்றாவது உதையில் சேத்தக் உயிர்பெற்றது. வெளியூர் போகும்போது மட்டும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுகிறார். கிண்ணம் காலியாகிவிடும்.

பால் பூத் நடந்துபோகும் தூரம்தான். தினமும் சேத்தக்கில் போய் வருகிறார்.