கதிருக்கு, அந்த ஆறு மாத வேலை பற்றி

ஆஸ்டின், டெக்சாஸ்

அன்புள்ள கதிருக்கு,

 

வனத்துறை நாற்றங்காலில் ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்திருப்பதாகவும், பட்டம் வாங்கிவிட்டு மண் அள்ளப் போவதா என்று சொந்தக்காரர்கள் கேட்பதாகவும் எழுதியிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆஸ்டினுக்குக் கிழக்கே பாஸ்ட்ராப் என்ற ஊரில் மாநிலப் பூங்கா ஒன்று இருக்கிறது. முழுக்கப் பைன் காடு. நடுவில் மணற்கல்லால் கட்டிய சாப்பாட்டுக் கூடமும், தங்குவதற்குச் சிறு வீடுகளும் உண்டு. கல்லை இழைத்து மெருகேற்றாமல், அதன் சொரசொரப்போடு அடுக்கியிருக்கிறார்கள். மேசை நாற்காலிகூட அங்கேயே பட்டறை போட்டுச் செய்தவைதான். மற்ற பூங்காக்களுக்கும் அங்கிருந்து போயிருக்கின்றன. இத்தனையும் செய்தவர்கள் 1930களில் வேலை கிடைக்காமல் தவித்த உன் வயதுப் பையன்கள்.

1933இல் அமெரிக்காவில் வேலைக்குப் போகக்கூடியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. இன்னொரு பக்கம், கண்டபடி வெட்டிய காடுகள் மொட்டையாகக் கிடந்தன. மேல்மண் மழையிலும் காற்றிலும் போய்க்கொண்டிருந்தது. மார்ச் 4 அன்று அதிபராகப் பதவியேற்ற ரூஸ்வெல்ட், வேலையில்லாதவர்களைக் காட்டு வேலைக்கு எடுக்கும் சட்டத்தில் அந்த மாதம் முடிவதற்குள் கையெழுத்திட்டார். ஏப்ரல் 17 அன்று வர்ஜீனியாவில் முதல் முகாம் திறந்தது. திட்டத்தின் பெயர் சிவிலியன் கன்சர்வேஷன் கோர், சுருக்கமாக சி.சி.சி. என்பார்கள். தொழிலாளர் துறை ஆள் எடுத்தது, ராணுவம் முகாமை நடத்தியது, வனத்துறையும் பூங்காத் துறையும் வேலை வாங்கின. ஜூலைக்குள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்.

கல்யாணமாகாத, 18 முதல் 25 வயது வரையுள்ள பையன்களைத்தான் முதலில் எடுத்தார்கள். ஒரு தடவை சேர்ந்தால் எவ்வளவு காலம் தெரியுமா? அதே ஆறு மாதம்தான். விரும்பினால் நீட்டித்துக்கொள்ளலாம். சம்பளம் மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். மகன் காட்டில் குழி தோண்ட, ஊரில் அடுப்பு எரிந்தது.

1942இல் திட்டம் முடிவதற்குள் சுமார் 30 லட்சம் பேர் இதில் வேலை பார்த்தார்கள். 300 கோடி மரக்கன்று நட்டார்கள். மண்ணரிப்பைத் தடுக்கக் குறுக்கணை கட்டினார்கள், பாதை போட்டார்கள், காட்டுத்தீ அணைத்தார்கள். 1937இல் வயோமிங்கில் ஒரு தீயில் இறந்த 15 பேரில் டெக்சாஸிலிருந்து போன முகாம் பையன்களும் உண்டு. ராத்திரியில் வகுப்பு நடந்தது. எழுத்தறியாமல் வந்த 40,000 பேராவது படிக்கக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நிறபேதம் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தும், கறுப்பினப் பையன்களைத் தனி முகாம்களுக்குத் தள்ளினார்கள். பெண்களுக்கு இதில் இடமே இல்லை. அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் முயன்று அவர்களுக்கென்று முகாம்கள் நடத்த வைத்தார், ஆனால் அவற்றில் சில ஆயிரம் பேருக்குத்தான் இடம் கிடைத்தது. இந்த அநியாயத்தை மறைத்துவிட்டு அந்தத் திட்டத்தைப் புகழ எனக்கு மனம் வராது.

ஆனாலும் அதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. வேலையில்லாத பையனை உதவாக்கரை என்று யாரும் ஒதுக்கவில்லை. அவன் உழைப்பு நாட்டுக்குத் தேவை என்று அரசாங்கமே கூப்பிட்டது. 2011 செப்டம்பரில் பெருந்தீ வந்து பாஸ்ட்ராப் பூங்கா கிட்டத்தட்ட முழுவதும் எரிந்தபோது, தீயணைப்பு வீரர்கள் போராடி அந்தக் கட்டடங்களைக் காப்பாற்றினார்கள். ஆறு மாதத்துக்கென்று வந்தவர்களின் கைவேலை அது. இன்றும் ஜனங்கள் அங்கே போய்த் தங்குகிறார்கள்.

அதனால் கூச்சப்படாமல் போய்ச் சேர். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகாதே. சம்பளம் மாதாமாதம் வங்கிக் கணக்கில் வருமா என்று முதலிலேயே கேள். முடியும்போது பணிச் சான்றிதழ் தருவார்களா என்றும் கேட்டு வை. விதை நேர்த்தி, மண் கலவை, எந்தக் கன்றுக்கு எவ்வளவு நிழல் என்று ஒன்றுவிடாமல் கற்றுக்கொள். அங்கே வருஷக்கணக்காகப் பை நிரப்பும் பெண்கள் இருப்பார்கள். அதிகாரியைவிட அவர்களுக்கு நிறையத் தெரிந்திருக்கும், அவர்களிடம் மரியாதையாகக் கேள். சாயங்காலம் டி.என்.பி.எஸ்.சி. படிப்பை விட்டுவிடாதே.

சம்பளத்தில் பெரும்பங்கை அம்மா கையில் கொடு. சொந்தக்காரர்கள் பேச்சால் அண்ணிக்கு வருத்தம் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை நானே பேசுகிறேன். சேர்ந்த பிறகு என்ன விதை போட்டீர்கள், எது முளைத்தது, எது முளைக்கவில்லை என்று விவரமாக எழுது.

அன்புடன்,
சித்தப்பா